ஹொண்டா நவி வாங்கலாமா? ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

அண்ணாமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்காகக் கேட்கிறேன். இடது முழங்காலில் சத்திரசிகிச்சை செய்த பிறகு அவரால் கியர் மிதிக்க முடியவில்லை. ஸ்கூட்டி வாங்குவோம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். முப்பது வருடம் மோட்டார் சைக்கிள் ஓடியவர்.

உப்புவெளியில் ஒருவர் 2017ஆம் ஆண்டு நவி ஒன்றை விற்கிறார். பார்வைக்கு மோட்டார் சைக்கிள், ஆனால் ஆக்டிவா ஸ்கூட்டரில் வரும் 110 சிசி எஞ்சின். கிளட்ச் பிடி இல்லை, கியர் இல்லை, பெல்ட்டில் ஓடுவது. வழக்கமாக எஞ்சின் இருக்கும் இடத்தில் சாமான் வைக்க ஒரு பெட்டி. அப்பா ஏறி இருந்து பார்த்தார், இரண்டு காலும் நன்றாக ஊன்றியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்தார்.

எனக்குத்தான் பயம். 31,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது, பெல்ட் மாற்றவே இல்லையாம். புறப்படும்போது ஒரு நடுக்கம். அது பெல்ட்டா, பெல்ட்டோடு வேலை செய்யும் ரோலரா, தானாகவே பிடிக்கும் கிளட்ச்சின் சூவா? கடற்கரை வீடு என்பதால் சைலன்சரின் அடியில் துருவும் இருக்கிறது. அப்பா கிழமைக்கு ஒருமுறை கிண்ணியா தாண்டி மூதூர் போவார். பின் சில்லு 10 அங்குலம்தான், அந்தத் தூரத்துக்கு முதுகு தாங்குமா?

பெல்ட், ரோலர் எல்லாம் திருகோணமலையிலேயே கிடைக்குமா, கொழும்பில் இருந்துதான் எடுக்கவேண்டுமா? விற்பவர் ஓப்பன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட பத்திரத்தோடு, தருகிறேன் என்கிறார். பெயர் மாற்றாமல் வாங்கமாட்டேன், அதில் முடிவாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியைப் பார்க்கக்கூடிய நல்ல மெக்கானிக் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.