சின்ன கடை வீதிக்கு கடைக்காரங்களே கட்டாயக் கட்டணம் போட்டுக்க சட்டம் வருமா?

ஜவுளிக்கடை_சேலம்:
சின்ன கடை வீதில வாடகைக் கட்டடத்துல கடை வச்சிருக்கோம். கூட்டிப் பெருக்க, ராத்திரி வாட்ச்மேனுக்குனு சங்கத்துல மாசாமாசம் வசூல் பண்றோம், பாதிப் பேர் தர்றதே இல்ல, ஆனா அவங்க வாசலும் சேர்ந்துதான் சுத்தமாகுது. ஆயுத பூஜைக்கு மறுநாள் வந்து பாருங்க, உடைச்ச பூசணிக்காயும் வாழைக்கன்னும் மிதிபட்டு நாறிக் கெடக்கும், கஸ்டமர் எப்படி உள்ள வருவாங்க? வெளிநாட்டுல கடைவீதில எல்லாரும் கட்டியே ஆகணும்னு சட்டம் இருக்காமே, நம்ம மாநகராட்சியும் பண்ணலாமா?

அம்மாபேட்டை_வக்கீல்:
மாநகராட்சி தானா பண்ண முடியாதுங்க. சட்டம் இல்லாம வரி போடக்கூடாதுனு அரசியலமைப்புல 265வது பிரிவு சொல்லுது, எதை வசூலிக்கலாம்னு நகராட்சிக்கு அதிகாரம் குடுக்க வேண்டியது சட்டசபை. வெறும் தீர்மானம் போட்டு வசூல் பண்ணா கோர்ட்ல நிக்காது.

டொராண்டோ_சேலத்துக்காரன்:
இந்தக் கட்டாயக் கட்டண முறை ஆரம்பிச்சதே இங்க கனடாவுல டொராண்டோலதாங்க, 1970ல, ப்ளூர் வெஸ்ட் வில்லேஜ்ங்கற கடைத்தெருவுல. பெரிய மால்கள் வந்து வியாபாரம் படுத்துருச்சு, சங்கத்துல சிலர் மட்டும் காசு போட்டு சிலர் சும்மா இருந்தாங்க, உங்க கதையேதான். இப்ப சிட்டியே சொத்துவரியோட சேர்த்து வசூல் பண்ணி அப்படியே கடைக்காரங்க கமிட்டிக்கு குடுத்துடும்.

ஜவுளிக்கடை_சேலம்:
சொத்துவரியோடன்னா எங்க ஓனர் அதை வாடகைல ஏத்திடுவாரே, காசு நாங்க குடுத்து ஓட்டு அவருக்கா?

அம்மாபேட்டை_வக்கீல்:
அதான் முக்கியமான கேள்வி. நியூயார்க்ல பில் கட்டட ஓனருக்குப் போகும், பல ஓனருங்க வாடகைக்காரர் தலைலயே கட்டுறாங்க. இங்கிலாந்துல 2003 சட்டப்படி கடை நடத்துறவங்க கட்டுறாங்க, அவங்களுக்கே ஓட்டு. ஓட்டுப் போட்டவங்கள்ல பாதிக்கு மேல சரின்னு சொல்லணும், சரின்னவங்க கடைகளோட வரிமதிப்பும் (வரி போடறதுக்காகக் கணக்கு பண்ற மதிப்பு) ஓட்டுப் போட்டவங்க மொத்த மதிப்புல பாதிக்கு மேல வரணும், அப்பத்தான் பெரிய கடையும் சின்னக் கடையும் ஒருத்தர ஒருத்தர் அமுக்க முடியாது. அஞ்சு வருஷத்துக்கு மேல தொடரணும்னா திரும்ப ஓட்டு. நமக்கு இதுதான் வேணும்.

பூக்காரம்மா_மக:
எங்கம்மா பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பூ விக்கிறாங்க. சுத்தம் பண்றோம்னு வாட்ச்மேன் முதல்ல தூக்கி வீசுறது அவங்க கூடையத்தான். நியூயார்க்ல கூட இப்படிக் கட்டணம் வாங்கி நடத்துற கடைவீதி அமைப்புகளுக்கும் நடைபாதை வியாபாரிகளுக்கும் பல வருஷமா தகராறு. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவுல குறைஞ்சது 40 சதவீதம் தெருவோர வியாபாரிங்க இருக்கணும், உங்க கமிட்டிலயும் எங்களுக்கு இடம் வேணும்ண்ணா.

ஜவுளிக்கடை_சேலம்:
நியாயம்தாம்மா, பூ வாங்க வர்ற கூட்டம்தான் எங்க கடைக்கும் வருது. வாடகைக்காரருக்கு ஓட்டு, கூடைக்காரங்களுக்கு கமிட்டில இடம், இந்த ரெண்டையும் வச்சு மனு எழுதி சங்கத்துல கையெழுத்து வாங்கி எம்எல்ஏகிட்ட குடுக்கப்போறோம். வக்கீல் சார், ஒருதடவ படிச்சுப் பாத்துத் திருத்திக் குடுங்க.