கும்பகோணம் வீட்டுக் கொல்லை

சித்தப்பா: அனைவருக்கும் வணக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் வீட்டுக் கொல்லை இடுப்பளவு மண்டிக் கிடக்கிறது. பொங்கலுக்கு எல்லோரும் வருவதால், ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்துக் களைக்கொல்லி அடித்துவிடலாம் என்றிருக்கிறேன்.

பெரிய அத்தை: தம்பி, மருந்து மட்டும் வேண்டாம். அது தும்பையையும் கீழாநெல்லியையும் சேர்த்தே கருக்கிவிடும். துவைக்கும் கல்லுக்குப் பின்னால் படர்ந்திருக்கும் மூக்கிரட்டையைப் பறித்துத்தான் போன வாரம் பாசிப்பருப்போடு கூட்டு வைத்தேன். கிணற்றடியில் தானாக முளைத்த எருக்கை நீ பார்க்கவில்லை. கருப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரியோடிய புழுக்கள் ஏழெட்டு அதன் இலையைத் தின்றுகொண்டிருக்கின்றன. அவை வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சியின் புழுக்கள்; எருக்கம்பாலில் உள்ள நஞ்சை உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்வதால், பறவைகள் பெரும்பாலும் அவற்றைத் தொடுவதில்லை. நம் தெருவில் வேறு எருக்கு கிடையாது. அதை வெட்டினால் அந்தப் புழுக்கள் பட்டினியால் செத்துவிடும்.

சித்தப்பா: அக்கா, குழந்தைகள் ஓடி விளையாடும் இடம் அது. பாம்பும் கொசுவும் வந்தால் என்ன செய்வது?

பெரிய அத்தை: உன் பயம் நியாயமானதுதான். பாம்பு எலியைத் தேடி வந்து குவியலுக்கடியில் ஒதுங்கும். ஆகவே மதிலோரம் கிடக்கும் பழைய செங்கல்லையும் தென்னை மட்டையையும் முதலில் அப்புறப்படுத்தச் சொல். கொல்லைக் கதவிலிருந்து கிணறு வரை வழியின் இருபுறமும் இரண்டடி அகலத்துக்குச் செதுக்கிவிட்டால், கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும். டெங்குக் கொசு செடியில் முட்டையிடுவதில்லை. கொட்டாங்குச்சியிலும் உடைந்த தொட்டியிலும் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் இடுகிறது. அவற்றை இன்றே நான் கவிழ்த்துவிடுகிறேன்.

அண்ணன்: அத்தை, போன மாதம் வந்தபோது, மாட்டுக்கொட்டகைப் பக்கம் கேரட் இலை போன்ற இலையும் பொடிப்பொடியான வெள்ளைப் பூவுமாக ஒரு செடி நிறைய இருந்ததே, அதையும் விட்டுவைக்கலாமா?

பெரிய அத்தை: கூடாது. அது பார்த்தீனியம், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போட்டு மற்றவற்றை வளரவிடாமல் செய்துவிடும். தோல் அரிப்பும் மூச்சிளைப்பும் அதனால் வரும். கையுறை போட்டுக்கொண்டு, விதை உதிரும் முன்பே வேரோடு பிடுங்க வேண்டும்.

சித்தப்பா: சரி அக்கா, மருந்து வேண்டாமென்று சொல்லிவிட்டேன். எருக்கைச் சுற்றி ஒரு கயிறு கட்டிவையுங்கள். செதுக்க வருபவர் தெரியாமல் வெட்டிவிடக் கூடாது. அதன் பால் குழந்தைகள் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது.