பெரியப்பா, பருப்புப் போடாதேங்கோ

(குழு: குளத்தடிச் சொந்தங்கள்)

கயல்: பெரியப்பா விடிஞ்சதில இருந்து 14 போவேட், அதில ரோசாப்பூ காலை வணக்கம் மட்டும் 5, தயவுசெய்து குறூப்பில ஸ்பாம் பண்ணாதேங்கோ, மாமி போட்ட தண்ணி முறை மெசேஜ் எங்க போச்செண்டே தெரியேல்ல

பெரியப்பா: அதென்ன பிள்ளை ஸ்பாம். சலரோகத்துக்குப் பாவக்காய் எண்டு போட்டது நல்ல விசயம்தானே

ரதி மாமி: நான் பாம் எண்டு வாசிச்சுப்போட்டு நெஞ்சு திக்கெண்டுது. கண்ணாடியும் கையில இல்லை

சின்னண்ணா: மாமி அது ரின் இறைச்சியின்ர பேர். 1937இல அமெரிக்காவில ஹோமெல் எண்ட கொம்பனி விட்ட பண்டி இறைச்சி ரின். பேர் சொன்னவருக்கு 100 டொலர் பரிசாம்

பெரியப்பா: பண்டி இறைச்சிக்கும் என்ர ரோசாப்பூவுக்கும் என்னடா சம்பந்தம்

சின்னண்ணா: பொறுங்கோ. ரெண்டாம் உலக யுத்தத்தில பிரிட்டனுக்கு இந்த ரின் கப்பல் கப்பலா போனது, அங்க இறைச்சி பங்கீட்டிலதான் கிடைச்சது, அந்தப் பங்கீடு 1954 வரைக்கும் இழுபட்டது, சனத்துக்கு அலுத்தே போச்சு. பேந்து 1970இல மொன்ரி பைதன் எண்ட கோஷ்டி ரீவியில ஒரு பகிடி போட்டவை, சாப்பாட்டுக் கடையில என்ன கேட்டாலும் ஸ்பாம், முட்டையோட ஸ்பாம், சொசேஜோட ஸ்பாம், வேண்டாமெண்டாலும் ஸ்பாம், பக்கத்து மேசையில கொஞ்சப்பேர் ஸ்பாம் ஸ்பாம் எண்டு பாட்டுப் படிச்சு மற்றவை கதைக்கிறது ஒண்டும் கேக்க விடாயினம்

கயல்: அந்தப் பாட்டுத்தான் பெரியப்பா நீங்கள்

பெரியப்பா: சரி சரி

சின்னண்ணா: இன்ரநெற்றின்ர ஆரம்ப காலத்துப் பெடியள் அதைப் பாத்திட்டு, ஒரே விசயத்தைக் கொட்டி மற்றவையின்ர கதையை மூடுறதுக்கு அந்தப் பேரையே வச்சிட்டாங்கள். 1994இல அமெரிக்காவில புருசன் பெண்சாதி ரெண்டு பேரும் வக்கீல், கிறீன் காட் எடுத்துத் தாறமெண்டு ஆயிரக்கணக்கான இன்ரநெற் குறூப்புக்கு ஒரே விளம்பரத்தைப் போட்டவை. அதோடதான் சொல்லு நல்லாப் பரவினது

ரதி மாமி: அப்பவே ஏஜென்சிக்காரர் இருந்திருக்கினம் பார்

பெரியப்பா: தம்பி இப்ப விளங்குது. 2009இல செட்டிகுளம் அகதி முகாமில எங்களுக்குப் பருப்பு. விடியப் பருப்பு, மத்தியானம் பருப்பு, பிளாஸ்ரிக் வாளியில தண்ணியாட்டம் வரும், வாளிக்கு அடியில அகப்பை கிறீச்செண்டு இழுபடுற சத்தம் இப்பவும் காதில கேக்குது. உன்ர பெரியம்மா இண்டைக்கும் பருப்புக்கறி வச்சா தான் ஒரு சொட்டும் வாயில வைக்கமாட்டா

ரதி மாமி: மெய்தான். நிவாரண மாவில சுட்ட ரொட்டிக்கும் அதே பருப்புத்தானே

கயல்: அப்ப எங்கட ஆக்கள் இன்ரநெற் கண்டுபிடிச்சிருந்தா அதுக்குப் பருப்பு எண்டுதான் பேர் வச்சிருப்பினம்

சின்னண்ணா: ஜீமெயில்ல பருப்புப் பெட்டி எண்டு ஒண்டு இருந்திருக்கும்

பெரியப்பா: சிரியுங்கோ சிரியுங்கோ. பாவக்காயை மட்டும் அழிக்க மாட்டன், அது மருந்து

கயல்: மாமி அந்தத் தண்ணி முறை மெசேஜைத் திரும்ப ஒருக்காப் போடுங்கோ, மேல ஏறித் தேட ஏலாது, அப்பா கேக்கிறார்

ரதி மாமி: விடிய 4 மணிக்கு வாய்க்கால் கதவு திறக்கினமாம். எங்கட வயலுக்கு முதல் முறை, பிந்தினா கீழ் வயல்காரர் மறிச்சுப்போடுவினம்

பெரியப்பா: ஐயோ நான் இதைப் பாக்கேல்லையே. மம்பெட்டி ஆற்ற வீட்டில கிடக்கு?