மறுமொழி: காலநிலைப் பேச்சுவார்த்தையை வகுப்பில் நடத்திப் பார்ப்பது – ஒரு சொல் வேண்டும்

குழுமத்தாருக்கு வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது. மாணவர்கள் நாடுகளாகப் பிரிந்து காலநிலைப் பேச்சுவார்த்தையை நடத்திப் பார்க்கும் வகுப்புப் பயிற்சிக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு ஆளுக்கொரு சொல் தந்துவிட்டோம். பொருளை ஒருமுறை கிட்டத்தில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வரலாம் என்று தோன்றியதால் இந்த மடல்.

அந்தக் கேள்வியைக் கேட்ட, ஆசிரியர் கையேட்டைத் தமிழாக்கும் அம்மையார் சொல்லும் பயிற்சி, ‘கிளைமேட் இன்டராக்டிவ்’ அமைப்பும் எம்.ஐ.டி. ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியும் சேர்ந்து உருவாக்கிய ‘வேர்ல்டு கிளைமேட்’. வகுப்பு ஆறு குழுவாகப் பிரிகிறது: அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், மற்ற வளர்ந்த நாடுகள், சீனா, இந்தியா, மற்ற வளரும் நாடுகள். ஆசிரியர் ஐ.நா. பொறுப்பாளராக நின்று கூட்டத்தைத் தொடங்கிவைக்கிறார். தங்கள் பசுங்குடில் வாயு உமிழ்வு எந்த ஆண்டோடு ஏறுவதை நிறுத்தும், எந்த ஆண்டிலிருந்து குறையும், ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு, காட்டுக்கு என்ன செய்வோம், வளரும் நாடுகளுக்கு உதவும் பசுமைக் காலநிலை நிதிக்கு எவ்வளவு தருவோம் அல்லது கேட்போம் என்று ஒவ்வொரு குழுவும் முடிவெடுத்து, எழுந்து நின்று அறிவிக்க வேண்டும். அந்த எண்களை ‘சி-ரோட்ஸ்’ என்ற கணினி மாதிரியில் இட்டதும் 2100-இல் வெப்பநிலை எவ்வளவு, கடல்மட்டம் எவ்வளவு என்று திரையில் வந்துவிடும். பெரும்பாலும் முதல் சுற்றில், வெப்ப உயர்வை 2 டிகிரிக்குள் நிறுத்தும் இலக்குக்குப் பக்கத்தில்கூடப் போக மாட்டார்கள். மறுபடி பேரம் தொடங்கும்.

உட்காரும் முறையிலேயே அரசியல் இருக்கிறது. பணக்கார நாடுகளுக்கு விரிப்புப் போட்ட மேசை, தின்பண்டம். ஏழை நாடுகளுக்குத் தரை. கடல்மட்டக் கணக்கு வந்ததும் தரையில் இருப்பவர்கள் தலைமேல் ஒரு நீலத் துணியை விரித்துவிடுவார்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், பிறகு மேசைக்காரர்களிடம் சண்டைக்குப் போவார்கள். இது வெறும் வேடிக்கையோடு போய்விடுவதில்லை. 2018-இல் ‘பிளோஸ் ஒன்’ இதழில் வந்த ஆய்வு 2,042 பேரிடம் இந்தப் பயிற்சியின் விளைவைப் பார்த்தது. காலநிலை மாற்றத்துக்கு எதிராகச் செயல்படும் ஊக்கம் 81 விழுக்காட்டினரிடம் கூடியிருந்தது.

இனி, இழையில் வந்த சொற்கள்.

> ‘காலநிலை நாடகம்’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியுமே.

புரியும், தப்பாக. நாடகத்துக்கு வசனம் உண்டு, முடிவு முன்பே தெரியும். இங்கே ஆசிரியருக்கே முடிவு தெரியாது. தவிர, ‘காலநிலை நாடகம்’ என்று நாளிதழில் தலைப்பு வந்தால் யாரோ உலகை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் படிப்போம். ‘வேடம்’, ‘கூத்து’ இரண்டுக்கும் இதே கதி.

> பாவனைப் பேச்சுவார்த்தை

தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால் சரி. இலங்கையில் பாவனை என்றால் பயன்பாடு. பாவனையாளர் என்றால் நுகர்வோர். கடல் தாண்டினால் பொருள் மாறும் சொல்லைப் பொதுக் கையேட்டில் வைக்க வேண்டாம்.

> ஒத்திகை

பேரிடர் மீட்பு ஒத்திகை இருக்கிறதே என்று கேட்டிருந்தார்கள். ஒத்திகை பார்ப்பவர்தான் நாளைக்கு மேடையேறுவார், நாளைக்குத் தீயணைக்கப் போவார். திருச்சியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஐரோப்பிய ஒன்றியமாகப் பேசுவது எதற்கும் ஒத்திகை இல்லை.

> மாதிரி மாநாடு

வலுவான போட்டி இதுதான். மாதிரி நீதிமன்றம், மாதிரி நாடாளுமன்றம், மாதிரி வாக்குப்பதிவு எல்லாம் புழங்கிவிட்டன. கூட்டத்தின் பெயராக இது இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்தப் பயிற்சியின் நடுநாயகமே ஒரு கணினி மாதிரி. ‘மாதிரி மாநாட்டில் மாதிரி காட்டிய மாதிரி’ என்று ஆசிரியர் தடுமாறுவார். அதைவிட முக்கியம், மாணவர் செய்யும் செயலுக்கு இதில் வினைச்சொல் கிடைக்கவில்லை. நமக்கு வேண்டியது அந்த வினை.

அந்தச் செயல் என்ன? தான் நம்பாத நியாயத்தையும் எடுத்து வாதாடுவது. 2021 கிளாஸ்கோ மாநாட்டின் கடைசி நேரத்தில் நிலக்கரியைப் படிப்படியாக ‘ஒழிப்பது’ என்றிருந்ததை இந்தியா படிப்படியாகக் ‘குறைப்பது’ என்று மாற்ற வைத்தது. வகுப்பில் இந்தியாவாக இருப்பவர் அதை நியாயப்படுத்த வேண்டும். மற்ற வளரும் நாடுகள் குழுவில் மூழ்கும் தீவாக இருப்பவர் எதிர்க்க வேண்டும். அடுத்த வாரம் இடம் மாறினால் வாதமும் மாறும். வழக்கறிஞர் தொழில் இதற்கு மிக அருகில் இருக்கிறது. அங்கே நமக்கு ஏற்கெனவே சொல் உண்டு: தரப்பு. அரசுத் தரப்பு, எதிர்த்தரப்பு.

எனவே என் முன்மொழிவு: தரப்பேற்பு. பாத்திரமேற்றல் போலத் தரப்பேற்றல். தரப்பேற்று வாதாடினாள், தரப்பேற்பு வகுப்பு, தரப்பேற்பாளர். எல்லா வடிவமும் வருகிறது.

இன்னொரு ஆதாயமும் உண்டு. ஐ.நா. காலநிலை மாநாட்டின் ஆங்கிலப் பெயரில் உள்ள ‘பார்ட்டீஸ்’ என்பதை வைத்து நம் ஊடகங்கள் இன்னும் ‘கட்சிகளின் மாநாடு’ என்று எழுதுகின்றன, ஏதோ தேர்தல் கூட்டணி போல. 1992 ஐ.நா. காலநிலை உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ‘தரப்பினர்’ என்றால் அந்தக் குழப்பமும் போகும், வகுப்பறைச் சொல்லும் மாநாட்டுச் சொல்லும் ஒரே வேரில் நிற்கும்.

நாட்டுக்கு மட்டும்தான் பொருந்துமா என்று பேராசிரியர் ஐயா கேட்கக்கூடும். 2015 மே மாதம், பாரிஸ் ஒப்பந்தத்துக்குச் சில மாதம் முன்பு, பாரிஸை ஒட்டிய நாந்தேர் அரங்கில் பிரெஞ்சு மெய்யியலாளர் புருனோ லதூரும் பாரிஸின் சியான்ஸ் போ பல்கலைக்கழக மாணவர்களும் பல நாட்டு மாணவர்களைக் கூட்டி ஒரு மாநாடு நடத்தினார்கள். அங்கே அமெரிக்கா, இந்தியாவோடு சமமாகக் கடலுக்கும் காட்டுக்கும் மண்ணுக்கும் பேராளர்கள் இருந்தார்கள். ‘நாட்டுப் பிரதிநிதியாக நடித்தல்’ என்ற சொல் இங்கே உடைந்துவிடும். கடல் தரப்பு, காட்டுத் தரப்பு என்பது உடையாது.

குறை இருந்தால் தயங்காமல் வெட்டுங்கள்.

---

ஐயாவுக்கு வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். பாவனையை விட்டதற்கு நன்றி. ‘பாவனைப் பேச்சுவார்த்தை’ என்று பார்த்தபோது பழைய சாமான் விற்பனை ஞாபகம்தான் வந்தது.

தரப்பு நன்றாக இருக்கிறது. நாங்கள் பாத்திரத்தை ‘வகிபாகம்’ என்று எழுதிப் பழகினவர்கள், என்றாலும் வகிபாகத்தில் அந்த வாதாடும் குணம் இல்லை. ‘ஏற்பு’ என்ற பாதியில்தான் எனக்குச் சிக்கல். ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்ட பிறகு நாடாளுமன்றம் அதை உறுதிப்படுத்துவதை ‘ஏற்பு’, ‘ஏற்புறுதி’ என்று எழுதுகிறோம். உமிழ்வைக் குறைப்பதற்கான கியோட்டோ நெறிமுறையில் 1998-இல் ஒப்பமிட்ட அமெரிக்கா ஏற்புறுதி செய்யவேயில்லை. அந்தப் பாடத்தையும் இந்தப் பயிற்சியையும் ஒரே கிழமையில் படிக்கும் பிள்ளைக்குத் ‘தரப்பு ஏற்பு’ என்பது ஒரு தரப்பு ஒப்பந்தத்தை ஏற்றது போல விளங்கும்.

ஆகையால் ‘தரப்பேற்றல்’ மட்டும் வைப்போம், ‘தரப்பேற்பு’ வேண்டாம். ஆளைத் ‘தரப்பாளர்’ என்றால் போதும். கூட்டத்துக்கு ‘மாதிரி மாநாடு’ என்பதை விட்டுவிடாதீர்கள். அதிபர்மாரிடம் மண்டபம் கேட்கப் போகிற ஆசிரியருக்கு அந்தச் சொல்தான் உதவும். சி-ரோட்ஸைக் ‘கணனிப் போலி’ என்று சொல்ல ஏலாது. ‘காலநிலைக் கணிப்பான்’ என்றால் ‘மாதிரி’ என்ற சொல்லால் வரும் என்று ஐயா சொன்ன குழப்பம் தீரும்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. இந்தப் பயிற்சியில் விரும்பினால் செய்தியாளர், சூழல் செயற்பாட்டாளர், எண்ணெய் நிறுவனங்களுக்காகக் காதில் ஓதுகிறவர் என்று வேறு குழுக்களையும் சேர்க்கலாம். முதல் இரண்டுக்கும் பெயர் உண்டு. மூன்றாவதை ‘எரிபொருள் தரப்பு’ என்று போட்டால், மாநாட்டு விதிப்படி வாக்குரிமை இல்லாத ஆளுக்கு நாடுகளின் தகுதியைக் கொடுத்ததாகிவிடாதா? ‘லாபிக்காரர்’ என்றே விடலாமா, வேறு சொல் யாரிடமாவது இருக்கிறதா?