காராய் ஒட்டகத்தில் வேற்றினக் கலப்பு கூடுமா?

கரிசல்காட்டான்:
குஜராத்தின் கச்சு கடலோரத்தில் நீந்திச் சென்று அலையாத்திக் காட்டில் மேயும் காராய் ஒட்டகத்துக்கு 2015இல் தனி இனமாக அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் 2012இல் 4 லட்சமாக இருந்த இந்திய ஒட்டகங்கள் 2019 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சமாகிவிட்டன. இந்த நிலையில் ஒவ்வோர் இனத்துக்கும் வேலி போடுவது வீண். பக்கத்திலேயே இருக்கும் கச்சி இனத்தோடு கலக்க விடுங்கள், கூட்டம் பெருகட்டும்.

கால்நடை மருத்துவம்:
கடுமையாக மறுக்கிறேன். கலந்துவிட்டால் பிரித்தெடுக்க வழியே இல்லை. மங்கோலியாவிலும் சீனாவிலும் எஞ்சியிருக்கும் இரட்டைத் திமில் காட்டு ஒட்டகங்களுக்கு, வளர்ப்பு ஒட்டகங்களோடு சேர்வதே பெரிய ஆபத்துகளில் ஒன்று. தலைகளை எண்ணுவதும் போதாது. 100 பெட்டைகளுக்கு 2 பொலி ஒட்டகங்கள்தாம் (இனப்பெருக்கத்துக்கான ஆண்கள்) என்றால், கன்றுகள் எல்லாம் அந்த இரண்டின் வாரிசுகளே; மரபணுக் கணக்கில் அது 8 விலங்குகள்கூட இல்லாத கூட்டம்.

கரிசல்காட்டான்:
ஐயா, உங்கள் கணக்கு என் பக்கம்தானே பேசுகிறது? பொலி குறைவென்றால் வெளி ரத்தம்தான் மருந்து. ஒற்றைத் திமில் ஒட்டகங்களின் பழைய எலும்புகளிலிருந்தும் மரபணு எடுத்து ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். வணிகச் சாத்துகள் கண்டம் விட்டுக் கண்டம் ஒட்டகங்களைக் கொண்டுபோய்க் கலந்ததால்தான் அவற்றின் மரபணு வளம் நிலைத்தது என்பது அதன் முடிவு.

உப்பங்கழி:
இருவரும் காட்டை மறந்துவிட்டீர்கள். உப்பளங்களுக்குக் கரை கட்டிக் கழிகளை அடைத்தால் அலை ஏறாது, அலையாத்தி பட்டுப்போகும். அதன் பிறகு எந்த ரத்தம் ஓடினால் என்ன? வளர்க்கிற ஃபகிரானி ஜாட், ரபாரி மக்களுக்கு வருமானமும் வேண்டும். ராஜஸ்தானில் 2015இல் ஒட்டகத்தைக் கொல்லவும் வெளிமாநிலம் கொண்டுபோகவும் தடை வந்தது. காக்க வந்த சட்டம் விற்பனையை முடக்கியது. வளர்ப்போர் பலர் தொழிலையே விட்டார்கள். கச்சில் அமுல் 2019 முதல் ஒட்டகப் பாலை விற்கிறது. எனக்கு அந்த வழியில்தான் நம்பிக்கை.

கால்நடை மருத்துவம்:
காட்டைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனாலும் இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போட முடியாது. மாட்டைப் போல உறைவிந்தை நம்பி இருக்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஒட்டக விந்து பசைபோல் கெட்டியானது, உறைய வைத்தால் எளிதில் கெடும். பெட்டைக்கோ சேர்க்கைக்குப் பிறகே கருமுட்டை வெளிவரும். எனவே உயிருள்ள பொலிகள்தாம் நமக்குச் சேமிப்பு. முதலில் காராய் மந்தைகளுக்குள்ளேயே பொலிகளை மாற்றிக்கொள்ளட்டும். எது எதன் கன்று என்று பதிவேடு இருக்கட்டும். மரபணுச் சோதனையில் நெருங்கிய உறவு தெரிந்தால் மட்டும், அளவாகக் கச்சிப் பொலி.

கரிசல்காட்டான்:
பதிவேட்டை ஏற்கிறேன், காத்திருப்பதை ஏற்க மாட்டேன். சினைக்காலமே 13 மாதம். ஒரு பெட்டை பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு கன்றுதான் ஈனும். பதிவேடு தொடங்கும் அன்றே சில மந்தைகளிலாவது கச்சிப் பொலியை விடுங்கள். கலப்பில்லாத மந்தைகள் தனியே இருக்கட்டும்.

கால்நடை மருத்துவம்:
ஒரே கழியில் மேயும் மந்தைகளை எப்படித் தனியே வைப்பீர்கள்? அதற்கு வழி சொல்லுங்கள், பிறகு பேசுவோம்.