கார்பன் துணுக்கு பதித்த மூடியில் வெள்ளைப் புள்ளி, பிசுபிசுப்பு, விளிம்பில் பிசிறு: உதவி தேவை

கருவண்டு:
வணக்கம் நண்பர்களே. பைக்கின் பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடிக்கு, வெட்டிய கார்பன் ஃபைபரைத் தூவி மேலே எப்பாக்சி ரெசின் (இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகும் பிசின்) பூசும் வேலையை வீட்டிலேயே செய்துகொண்டிருக்கிறேன். பளிங்குக்கல் மாதிரி திட்டுத் திட்டாக மின்னுமே, அந்தத் தோற்றம்தான் வேண்டும். அழகுக்கு மட்டும், பலத்துக்கு இல்லை.

செய்த முறை: மூடியை 180 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தேன். கருப்பு நிறமி கலந்த எப்பாக்சி ஒரு கை பூசி, அது ஈரமாக இருக்கும்போதே துணுக்குகளைத் தூவி, கையுறை விரலால் அமுக்கிவிட்டேன். மறுநாள் தெளிந்த எப்பாக்சி ஒரு கை, கொஞ்சம் கெட்டியாகவே.

இப்போது உள்ள நிலை: அங்கங்கே வெள்ளையும் சாம்பலுமாகப் புள்ளிகள். விளிம்பு மடிப்பில் துணுக்குகள் குத்திட்டு நிற்கின்றன. இரண்டொரு இடம் இன்னும் காயவில்லை, நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிறது. அது போக, மூடியின் ஒரு பாதி நன்றாக மின்னுகிறது, மறுபாதி மின்னாமல் கருகருவென்று கிடக்கிறது. மேலே இன்னொரு கை பூசினால் எல்லாம் சரியாகிவிடுமா?

பட்டறைவாசி:
பூசாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொன்னதில் பெரும்பாலானவை அடியில் இருக்கிற கோளாறு. மேலே பூசினால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டுவது போல இன்னும் தெளிவாகத் தெரியும்.

முதலில் சில விவரம் வேண்டும். ஹார்டனரை (ரெசினை இறுக வைக்கும் திரவம்) எதில் அளந்தீர்கள், தராசிலா, கப்பிலா? எவ்வளவு கலந்தீர்கள்? வெள்ளைப் புள்ளிகளை விரலால் தடவினால் குழியாக இருக்கிறதா, வழவழவென்று இருக்கிறதா? மூடியின் உள்பக்கம் பிளாஸ்டிக் வகை எழுத்து அச்சாகியிருக்கும், அது என்ன?

கருவண்டு:
டிஜிட்டல் தராசுதான், முழு கிராம் மட்டும் காட்டும். எடைக்கு 100-க்கு 30 என்று டப்பாவில் போட்டிருக்கிறது. 15 கிராம் ரெசினுக்குக் கணக்கு 4.5 வரும், தராசு 5 காட்டும் வரை ஊற்றினேன். காகிதக் கப்பில் குச்சியால் கலந்து, கடைசியில் கப்பை வழித்து ஊற்றிவிட்டேன். புள்ளிகளில் சில குழி, பல வழவழ. உள்பக்கம் ஏபிஎஸ் என்று இருக்கிறது.

பட்டறைவாசி:
ஏபிஎஸ் என்றால் நல்லது, தேய்த்த பரப்பில் எப்பாக்சி பிடிக்கும். பிபி, பிஇ (பாலிப்ரொப்பிலீன், பாலிதீன்) என்று இருந்திருந்தால் இத்தனை வேலையும் வீண். அவற்றில் ரெசின் பிடிக்காது, காய்ந்த பிறகு தோலாக உரிந்து வரும்.

பிசுபிசுப்பைப் பார்ப்போம். அளவு தவறியிருந்தால் பூசிய இடம் முழுக்க மெத்தென்று இருக்கும். உங்களுக்கு அங்கங்கே மட்டும் இருப்பதால் கலவை சேராததுதான் காரணம் என்பேன். கப்பின் சுவரிலும் அடி மூலையிலும் ஒட்டியிருக்கிற ரெசினைக் குச்சி தொடுவதே இல்லை. கடைசியில் வழித்து ஊற்றும்போது அந்தக் கலக்காத ரெசின் நேராகப் பாகத்தில் விழுகிறது, விழுந்த இடம் காயாது. ஒரு கப்பில் நன்றாகக் கலந்து, சுவரை வழித்து வழித்துக் கலந்து, பிறகு இன்னொரு சுத்தமான கப்புக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள். பழைய கப்பை வழிக்க வேண்டாம், போகட்டும்.

தராசையும் மாற்றுங்கள். முழு கிராம் காட்டும் தராசில் 5 என்றால் 4.5-ஆகவும் இருக்கலாம், 5.4-ஆகவும் இருக்கலாம். இவ்வளவு சின்ன அளவில் அது பெரிய பிழை. 0.1 கிராம் காட்டும் தராசு இல்லையென்றால் ஒரேயடியாக 50 கிராமுக்கு மேல் கலப்பது நல்லது. சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. எப்பாக்சியில் அது நடக்காது, மிச்ச ஹார்டனர் அப்படியே உள்ளே தங்கி பூச்சை மெத்தென்று ஆக்கிவிடும்.

இப்போதைக்கு அந்த இடங்களை வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். குளிரிலும் ஈரப்பதத்திலும் சில ஹார்டனர்கள் மேலே மெழுகு போன்ற படலம் விடும், கழுவினால் போய்விடும். கழுவியும் நகத்தடம் விழுந்தால் 40 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்துப் பாருங்கள். அப்போதும் இளகியே இருந்தால் அது இனி காயாது. சுரண்டி எடுத்துவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, தேய்த்துப் புதிதாகப் பூச வேண்டும். ஏபிஎஸ் அசிட்டோனில் கரையும், அதனால் தின்னர் பக்கம் போக வேண்டாம்.

உப்புத்தாள்:
வெள்ளைப் புள்ளிக்கு நான் சொல்கிறேன். அது காற்று. கடையில் கிடைக்கும் 12கே கற்றையில் 12,000 இழைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 மைக்ரான் தடிமன். அந்த இழைகளின் நடுவே ரெசின் ஊற நேரம் வேண்டும். நீங்கள் ஈரத்தில் தூவி அமுக்கியதில் துணுக்கின் அடிப்பக்கம் நனைந்தது, மேல்பக்கம் உலர்ந்தே கிடந்தது. மறுநாள் கெட்டியாக ஒரு கை ஊற்றியதும் காற்று வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே சிறைப்பட்டுவிட்டது.

எதைக் காப்பாற்றலாம், எதைத் தோண்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. 240 நம்பர் தாளைத் தண்ணீரில் நனைத்து, புள்ளி உள்ள இடத்தை மெல்லத் தேயுங்கள், குழி வாய் திறக்கும் வரை. துடைத்துக் காயவிட்டு, ஒரு சொட்டு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் விடுங்கள். ஆல்கஹால் உள்ளே இறங்கியதும் வெள்ளை மறைந்து இழை கருப்பாக மின்னினால், ரெசின் விட்டாலும் அப்படியே மறையும். ஆல்கஹால் ஆவியாகிப் போனதும் வெள்ளை திரும்பிவிடும், பயப்பட வேண்டாம். நனைந்த பிறகும் வெள்ளையாகவே இருந்தால் வாய் இன்னும் திறக்கவில்லை என்று பொருள், கத்தி முனையால் குத்தித் திறக்க வேண்டும்.

திறந்த குழிகளில் பல் குத்தும் குச்சியால் ரெசினைச் சொட்டு சொட்டாக விடுங்கள். பாகத்தை முதலில் லேசாகச் சூடாக்கி, சூடு இறங்கும்போது விட்டால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி ரெசினை இழுத்துக்கொள்ளும். சூடு ஏறும்போது விட்டால் காற்று விரிந்து புதுக் குமிழி கிளம்பும்.

நீலக்கையுறை:
தேய்க்கப் போவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. கார்பன் தூசியில் உடைந்த இழைகள் தோலில் குத்தி அரிக்கும், மின்சாரமும் கடத்தும். கணினி, சார்ஜர், பிளக் பாயிண்ட் பக்கத்தில் தேய்க்கவோ துணுக்கு வெட்டவோ கூடாது. தண்ணீர் விட்டே தேயுங்கள், அப்படியும் பி2 தரத்துக்குக் (நுண்தூசியைத் தடுக்கும் தரம்) குறையாத முகமூடி போடுங்கள். கைக்கு நைட்ரைல் கையுறை. எப்பாக்சி திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் ஒவ்வாமை வரும், ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் ஆயுளுக்கும் ரெசின் வேலையை விட வேண்டியதுதான். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கருவண்டு:
நன்றி. கழுவியதில் ஒரு இடத்தில் பிசுபிசுப்பு போய்விட்டது. மற்ற இடத்தில் போகவில்லை, சுரண்டப் போகிறேன். ஆல்கஹால் சோதனையில் பெரும்பாலான புள்ளிகள் மறைகின்றன! பாதி மின்னி பாதி மின்னாததற்கு என்ன காரணம்? ஒரே கற்றையிலிருந்துதான் வெட்டினேன்.

உப்புத்தாள்:
மின்னாத பக்கத்துத் துணுக்குகளைக் கிட்ட வைத்துப் பாருங்கள். தட்டையான பட்டையாக இருக்கிறதா, பிரிந்த முடியாக இருக்கிறதா?

கருவண்டு:
பிரிந்துதான் இருக்கிறது. அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகமாகத் தடவி அமுக்கினேன்.

உப்புத்தாள்:
அதுதான். இந்த வேலையின் அழகே அங்கேதான் இருக்கிறது. ஒரு துணுக்கில் எல்லா இழையும் ஒரே திசையில் தட்டையாகப் படுத்திருந்தால் ஒரே கோணத்தில் ஒளியைத் திருப்பும். பக்கத்துத் துணுக்கு வேறு திசையில் கிடப்பதால் ஒன்று வெளுத்தும் ஒன்று கறுத்தும் தெரியும். பாகத்தைத் திருப்பினால் வெளுத்தது கறுக்கும், கறுத்தது வெளுக்கும். இழை பிரிந்து கலைந்துவிட்டால் ஒளி நாலா பக்கமும் சிதறி வெறும் கருப்பாகிவிடும்.

அதனால் கற்றையைப் பிரிய விடாமல் வெட்ட வேண்டும். கற்றையின் மேல் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கிற மெல்லிய பசைப் பூச்சு ஆலையிலேயே போட்டிருப்பார்கள். கையில் கசக்கினால் அது உடைந்து இழை பிரியும். கற்றையை மேசையில் தட்டையாக விரித்து, கூரான கத்தரியால் ஒரே வெட்டு. மழுங்கிய கத்தரி இழையை மென்று பிசிறாக்கும். நீளம் 10 முதல் 25 மில்லிமீட்டர் வரை கலந்து வெட்டுங்கள். எல்லாம் ஒரே நீளம் என்றால் செயற்கையாகத் தெரியும். ரெசினில் போட்டுக் கிளறாதீர்கள். ஒரு சாண் உயரத்திலிருந்து உதிர்த்துவிடுங்கள், விழுந்த பிறகு விரலால் தேய்க்காமல் நேர் கீழாக மட்டும் அமுக்குங்கள்.

பட்டறைவாசி:
சேர்த்துச் சொல்கிறேன்: கருப்பு அடிப்பூச்சு ஈரமாக இருக்கும்போது தூவ வேண்டாம், மூழ்கிவிடும். கையுறை விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் விரலில் ரெசின் வரக்கூடாது. அந்தப் பதத்தில் தூவுங்கள். அப்புறம் தெளிந்த ரெசின் மெல்லிசாக ஒரு கை, பிரஷ்ஷை இழுக்காமல் நுனியால் குத்திக் குத்தி. அதுதான் கற்றைக்குள் ரெசினை அனுப்பும். ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல் லேசாகக் காட்டினால் குமிழி உடையும். அடுத்த கையும் அதே ஒட்டும் பதத்தில் போட்டால் தேய்க்க வேண்டாம். முழுக்க இறுகிவிட்டால் கழுவித் தேய்த்துத்தான் பூச வேண்டும்.

விளிம்புக்கு: கார்பன் இழை விறைப்பானது, கூர்மையான மடிப்பில் வளையாது, நிமிர்ந்துகொள்ளும். மடிப்பை முன்கூட்டியே உருட்டையாகத் தேய்த்துவிடுங்கள், 3 மில்லிமீட்டர் உருட்டு இருந்தாலே பெரிய வித்தியாசம். அந்த ஓரத்துக்கு மட்டும் 5, 6 மில்லிமீட்டர் துணுக்கு. மேலே மெல்லிய பாலிதீன் தாளைச் சுற்றி இறுக்கி விடுங்கள், எப்பாக்சி அதில் ஒட்டாது, காய்ந்ததும் உரித்துவிடலாம்.

உப்புத்தாள்:
பாலிதீன் தாள் விளிம்புக்கு மட்டும்தான் என்று அழுத்திச் சொல்ல வேண்டும். இரு பக்கமும் வளைந்த பரப்பில் போட்டால் தாள் சுருங்கி, மடிப்புக்குள் காற்றைப் பிடித்துக்கொள்ளும். மேல் பரப்புக்கு வேண்டாம்.

இப்போது நிற்கிற பிசிறுகளை ஒடிக்காதீர்கள், வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும். மெல்லிய ரெசின் தடவி இறுகவிட்டு, பிறகு கூரான பிளேடால் மட்டமாகச் சீவுங்கள்.

கருவண்டு:
மின்னாத பக்கத்தைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாகத் தூவினேன். விளிம்பை உருட்டிவிட்டேன். இப்போது மூன்று மெல்லிய பூச்சுக்கு அப்புறம் புள்ளி இல்லை. ஆனால் மட்டப்படுத்தத் தேய்த்ததில் இரண்டு இடத்தில் மங்கலான சாம்பல் திட்டு வந்திருக்கிறது. வண்டி வெயிலில் நிற்கும், வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

பட்டறைவாசி:
சாம்பல் திட்டு என்றால் தெளிந்த பூச்சைத் தாண்டித் துணுக்கையே தேய்த்துவிட்டது தாள். பாலிஷ் போட்டால் போகாது. இன்னும் ஒன்றிரண்டு மெல்லிய பூச்சு போட்டு, பிறகு 400, 600, 800, 1000 என்று தண்ணீர்த் தாளில் ஏறுங்கள். தாளைக் கையால் பிடிக்காமல் ரப்பர் கட்டையில் சுற்றிப் பிடித்தால் மேடு மட்டும் தேயும். மேடான துணுக்கும் விளிம்பும்தான் முதலில் வெளியே வரும், அங்கே கையை லேசாக வையுங்கள்.

வெயிலுக்கு எப்பாக்சி மட்டும் போதாது, புற ஊதாக் கதிரில் மஞ்சளாகும். மேலே புற ஊதா தடுப்பு உள்ள இரு பாகப் பாலியூரித்தேன் கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) வேண்டும். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, ஸ்ப்ரே செய்தால் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண முகமூடி போதாது. இந்த ஒரு கட்டத்தை மட்டும் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் முன் எப்பாக்சி ஒரு வாரம் முழுமையாக இறுகட்டும். அறைச் சூட்டில் இறுகும் எப்பாக்சி பல 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், அதனால் அடுப்புச் சூட்டில் கிளியர் கோட்டை உலர்த்த வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள். இதே முறையை எக்ஸாஸ்ட் மூடிக்கோ என்ஜின் பக்க பாகத்துக்கோ செய்ய நினைத்தால், அங்கே இது தாங்காது.

நீலக்கையுறை:
அலுமினியப் பாகத்துக்குச் செய்கிறவர்களுக்கும் ஒரு குறிப்பு: கார்பனும் வெறும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரிக்கும். இடையே எப்பாக்சி அடிப்பூச்சு முழுதாக இருக்க வேண்டும், ஸ்க்ரூ ஓட்டையின் உள்சுவரிலும்.

கருவண்டு:
ரப்பர் கட்டையில் 1000 வரை வந்துவிட்டேன், சாம்பல் திட்டு இல்லை. தண்ணீர் தெளித்துப் பார்த்தால் இரண்டு பாதியும் ஒரே மாதிரி மின்னுகின்றன. ஒரு வாரம் கழித்துக் கிளியர் கோட்டுக்குக் கொடுக்கிறேன். மிக்க நன்றி.