ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு ஹாட் பாக்ஸ் தேவை

சன்மார்க்க அன்பர்களுக்கு வணக்கம். 1867-இல் வள்ளலார் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. சென்னை வால்டாக்ஸ் சாலை நடைபாதையில் பரிமாறும் நமக்குத்தான் சூடு நிற்க மாட்டேன் என்கிறது.

வாரம் 10 கிலோ அரிசி, 3 கிலோ துவரம்பருப்பு, 6 கிலோ காய். நூறு பேருக்குச் சாம்பார் சாதம். ஐந்து மணிக்கு இறக்கினால் எட்டரைக்குள் அண்டாவின் அடியில் புளித்த வாடை. தேங்காயை நிறுத்தியும் பலனில்லை. சாதம் 60 டிகிரிக்குக் கீழே வெதுவெதுப்பாகக் கிடந்தால், கொதியிலும் சாகாத கிருமி வித்துகள் முளைத்துவிடும். அவை விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. முன்கூட்டியே பொட்டலம் கட்டினால் இன்னும் சீக்கிரம் ஆறிவிடும்.

ஆகவே 20 லிட்டர் ஹாட் பாக்ஸ் மூன்று வேண்டும். பழையது போதும், ஆனால் மூடியின் ரப்பர் வளையம் கிழிந்திருக்கக் கூடாது. (சாதம் போடும் முன் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்தால் சூடு கூடுதல் நேரம் நிற்கும்.) தூக்கி இறக்க இரண்டு பேர், இரவு ஏழரை முதல் பத்து வரை.

பழைய துணி மூட்டை தயவுசெய்து வேண்டாம், பாதி குப்பைக்குத்தான் போகிறது. மழைக்கு முன் தார்ப்பாய், லுங்கி, நைட்டி கிடைத்தால் நல்லது. முடிந்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் இங்கேயே சொல்லுங்கள்.